இடக்கரும் இயல்பும்

தமிழிலக்கணம் கற்கும் மாணவர் இடக்கரடக்கல் என்னும் பகுதிக்கு வரும்போது சிறிது நகைப்பர். சான்றோர் அவையிலே கூறத்தகாததொன்றை நேரே கூறாது வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுதலே இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது அதற்கு ஆசிரியர்மார் வழக்கமாகக் காட்டும் உதாரணம். இத்தகைய சொல்லைத் தொல்காப்பியர் அவையல்கிளவி என்றார். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைத்தார். மறைத்துச் சொல்லுதல் நம் மொழியின் நாகரிகங்களுள் ஒன்று. அதனைப் பழித்தற்கு நான் முன்வரவில்லை. 30 ஆண்டுகள் பள்ளியிலே அதனைக் கற்பித்தவள் நான்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. இலக்கணம் விதித்தது மறைத்துச் சொல்லுதலையே அன்றிச் சொல்லாமலே விடுதலை அன்று. வேறொரு சொல்லாலேனும் சொல் என்பதே அதன் கருத்து. நம் காலத்திலோ, பெண்ணுடலின் ஓர் உறுப்பைப் பொறுத்தவரையில், அந்த வேறொரு சொல்லும் இல்லாது போயிற்று. பெயரற்ற உறுப்பைப் பற்றி ஒருத்தி யாரிடம் எவ்வாறு வினவுவாள்? வினவாதவளுக்கு விடை எங்கிருந்து வரும்? இவ்வெறுமையினால் விளையும் துன்பம் சிறிதன்று என்பதைக் கண்டறிந்தமையாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் வாழும் கட்டைபறிச்சான், திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலே அமைந்த ஊர். ஒருபுறம் களப்பு, ஒருபுறம் வயல். இவ்வூரவர் தாம் புழங்கும் பொருள் எதனையும் பெயரிடாது விட்டாரல்லர். களப்பிலே படும் மீனுக்கு மணலை, திரளி, ஓரா, கெளிறு என்று வகை வகையாகப் பெயருண்டு. நெல்லின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயருண்டு. ஆனால், இவ்வளவு சொல்வளம் உடைய தாய்மார், தம் மகளுக்கு அவள் உடலின் ஒரு பகுதியைக் குறிக்க நேரும்போது 'அந்த இடம்' என்பர், 'கீழே' என்பர், பெரும்பாலும் ஒன்றுமே சொல்லார். அவ்வுறுப்பின் பெயரை ஊரிலே உரக்கச் சொல்பவர் சண்டையிலே வசைபாடுவோர் மாத்திரமே.

பழையோர் கண்ட அழகு

எக்காலத்தும் தமிழ் இப்படி இருந்ததில்லை. சங்கப் புலவர் அல்குல் என்னும் சொல்லைக் கூச்சமின்றிப் பன்முறை ஆண்டனர். பாம்பின் படத்தை அதற்கு உவமையாக்கினர். அச்சொல்லின் பொருளைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி பக்கம், அரை, பெண்குறி என்று மூன்று பொருளையும் தருகின்றது. எப்பொருளைக் கொண்டாலும் ஒன்று தெளிவு. அவ்விடத்துத் தோலிலே தோன்றும் புள்ளிகளையும் கோடுகளையும் அப்புலவர் மறைத்தாரல்லர். திதலை என்றும் வரி என்றும் பெயரிட்டு அழகென்றே பாடினர். புள்ளியும் கோடும் அற்ற வழவழப்பான தோலே அழகு என்னும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய பெண்ணுக்கோ அந்தப் புள்ளியும் கோடுமே அச்சந்தருவனவாக ஆயின. அவை நோயோ, அழுக்கோ, குற்றமோ என்று தனியே இருந்து கலங்குகின்றாள். ஆகவே இயல்பு யாது என்பதை முதலிற் கூறவேண்டும்.

இயல்பு யாது?

பெண்குறி என்பது புறத்தே காணப்படும் பகுதி முழுவதற்கும் உரிய பெயர். உள்ளே கருப்பையை நோக்கிச் செல்லும் யோனிக் குழாய் வேறு. படித்தவரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே மயங்குவர். புறத்தே மயிர் முளைப்பனவும் கொழுப்பு அடங்கியனவுமாகிய வெளியிதழ்கள் இரண்டு உள்ளன. அவற்றினிடையே, மயிரும் கொழுப்பும் அற்ற மெல்லிய உள்ளிதழ்கள் இரண்டு உள்ளன. உள்ளிதழின் உட்புறத்திலே தோல் முடிந்து ஈரமான மென்சவ்வு தொடங்குகின்றது. அவ்வெல்லைக்கு எடின்பரோ நகரத்து வைத்தியர் ஹார்ட் என்பவரின் பெயரை இட்டு வழங்குகின்றனர். ஆகவே ஒரு கையகலத்துக்குள்ளே, மயிருடைய தோல், மயிரற்ற தோல், மென்சவ்வு என்னும் மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எங்கும் ஒரேவிதமான வழவழப்பை அங்கே எதிர்பார்த்தல் இயற்கைக்கு மாறானது.

வெளியிதழிலே சிறுசிறு மேடுகள் தோன்றுமாயின் அவை பெரும்பாலும் மயிர்க்கால்களே. உள்ளிதழிலும் வெளியிதழின் உட்புறத்திலும் மஞ்சளும் வெண்மையும் கலந்த ரவை போன்ற மணிகள் தென்படுவதுண்டு. இவை மயிரோடு சேராத நெய்ச்சுரப்பிகள். 1896இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் போர்டைஸ் என்பவர் இவற்றை வாயிதழிலே கண்டு எழுதினார். அதனால் போர்டைஸ் புள்ளிகள் எனப் பெயர் பெற்றன. முகத்துக் கண்ணாடியிலே தன் உதட்டின் ஓரத்தில் இம்மணிகளைக் காண்பவள் அஞ்சுவதில்லை. பிறிதோரிடத்திற் கண்டால் மாத்திரம் அஞ்சுகின்றாள்.

சில பெண்களுக்கு உள்ளிதழின் உட்புறத்திலே, மென்மையான சிறுவிரல் போன்ற நுண்முளைகள் இருபுறமும் ஒத்து, வரிசையாக அமைந்திருக்கும். இவையும் பிறவியமைப்பின் ஒரு வேறுபாடேயன்றி நோயல்ல, எவரிடமிருந்தும் தொற்றுவனவுமல்ல. உள்ளிதழின் விளிம்பு சுருங்கி, மடிந்து, சேலைக் கொசுவம் போல இருத்தலும் இயல்பே. ஓரிதழ் மற்றையதிலும் நீண்டிருத்தலும், உள்ளிதழ் வெளியிதழுக்கு வெளியே தெரிதலும் அவ்வாறே. நிறமோ, உடலின் பிற பகுதியிலும் கருமையாக இருத்தல் பெரும்பான்மை. அவ்விடத்து நிறமிகள் உடலிற் சுரக்கும் ஓமோன்களுக்கு இசைந்து மாறுவன; பருவமெய்தும்போதும் கருவுற்றபோதும் கருமை மிகும். மாதவிடாய் நின்றபின் தோல் மெலியும், இதழ்கள் சிறுக்கும். முகம் வயதோடு மாறுவது போலவே இதுவும் மாறும்.

இவை வாய்ச்சொல் அல்ல. அளந்து கண்ட செய்திகள். 2005இல் இலண்டனில் 50 பெண்களை அளந்த வைத்தியர்கள், உள்ளிதழின் அகலம் ஒருத்திக்கு 7 மில்லிமீற்றராகவும் இன்னொருத்திக்கு 50 மில்லிமீற்றராகவும் இருக்கக் கண்டனர். நீளமோ 2 சென்ரிமீற்றரிலிருந்து 10 சென்ரிமீற்றர் வரை. 2018இல் சுவிற்சர்லாந்திலே 15 முதல் 84 வரை வயதுடைய 657 பெண்களை அளந்தபோதும் வேறுபாட்டின் விரிவே புலப்பட்டது. ஏழு மடங்கு வேறுபடும் ஒன்றிலே, இதுதான் சரியான அளவு என்று எதனைக் காட்டுவது?

இரு பெண்கள்

இவ்வறிவு இல்லாமையால் நேர்வது யாது என்பதற்கு நான் அறிந்த இருவரைப் பற்றிச் சொல்வேன்.

ஒருத்தி என்னிடம் படித்தவள். கலியாணம் நிச்சயமான பெண். ஒரு நாள் மாலை வந்து, திண்ணையிலே நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "ரீச்சர், எனக்குப் பாலுண்ணி போல கிடக்கு. அம்மாவுக்கும் சொல்லேலாது. அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று சொல்லி அழுதாள். பாலுறுப்பில் உண்ணி தோன்றுவது உறவினால் தொற்றும் நோய் என்று எங்கோ வாசித்திருக்கின்றாள். தவறேதும் செய்யாத தனக்கு அது எப்படி வந்தது என்று பல மாதம் உறக்கமின்றி இருந்திருக்கின்றாள். காலில் வரும் ஆணிக்கும் பாலுண்ணிக்கும் பூசும் அமில மருந்தைப் பாமசியில் வாங்கித் தானே பூசியதனால் தோல் வெந்து புண்ணாகியும் இருந்தது.

"வா பிள்ளை, நாளைக்கு நானும் வாறன்," என்றேன். பெண் வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பன்று, ஆறுதற் சிரிப்பு. உண்ணிகள் அங்குமிங்குமாகச் சிதறித் தோன்றும். தடிப்பாக, பூக்கோவா போலப் பல தலைகள் ஓர் அடியிலே இணைந்திருக்கும். இவளுக்கு இருப்பனவோ இருபுறமும் ஒத்தவை, மென்மையானவை, ஒவ்வொன்றும் தனித்தனி அடியுடையவை; பிறவியமைப்பே என்று ஒரு தாளிற் படம் வரைந்து விளக்கினார். நோய்க்கு மருந்து தேவைப்படவில்லை. மருந்தினால் வந்த புண்ணுக்கே மருந்து தேவைப்பட்டது.

மற்றவர் முதியவர், எனக்கு அக்கா முறையினர். 2006இல் போர் இப்பகுதியைப் புரட்டியபோது பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து, முகாம்களிலே வாழ்ந்து மீண்டவர். அந்நாட்களிற் பட்ட பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். ஷெல் விழுந்ததைச் சொல்வார். பசி கிடந்ததைச் சொல்வார். ஆனால் மாதவிடாய் நின்ற பின் தொடங்கிய கடுமையான அரிப்பை மாத்திரம் ஏழு ஆண்டுகள் எவருக்கும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று எண்ணி வேப்பிலை அவித்த நீரில் கழுவினார், தேங்காயெண்ணெய் தடவினார். இரவில் உறங்க முடியாத நிலை வந்தபின் என்னிடம் வாய் திறந்தார். "இதைப் போய் ஆரிட்டச் சொல்லுற, தங்கச்சி?" என்பதே அவர் முதற்சொல்.

வைத்தியர் கண்டது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல் நோய். தோல் வெளிறி, சிகரெட்டுத் தாள் போல மெலிந்து, சுருங்கி, வெடிக்கும். இதழ்கள் ஒட்டி மறைந்துபோதலும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தும் பூப்பெய்தாச் சிறுமியரிடத்தும் மிகுதியாகக் காணப்படுவது. தொற்றுநோயன்று. ஆயினும் கவனியாது விட்டால், சிறுபான்மையோரிடத்தே புற்றுநோய்க்கு இடமாகும். வலிமை மிக்க ஸ்ரீரொயிட் களிம்பை வைத்தியர் சொன்ன அளவிலே பூசியதும் சில வாரங்களில் அரிப்பு அடங்கியது; அக்காவுக்கு உறக்கம் வந்தது. ஒட்டிப்போன பகுதி மீளவில்லை. இன்றும் குறித்த தவணையிலே கிளினிக்குக்குப் போய் வருகின்றார்.

நோயற்றவள் நோயென்று அஞ்சித் தன்னைத் தானே வேகவைத்தாள். நோயுற்றவர் இயல்பென்று பொறுத்து ஏழாண்டு வருந்தினார். இருவரையும் வருத்தியது ஒரே மௌனந்தான்.

வெட்கத்தின் விலை

கற்றவர் பேசாத இடத்திலே வணிகர் பேசுவர். 2012இல் இந்தியத் தொலைக்காட்சியிலே ஒரு விளம்பரம் வந்தது. கணவனின் அன்பை இழந்த மனைவி, அவ்விடத்தைக் கழுவி வெண்மையாக்கும் திரவம் ஒன்றினால் அதனை மீளப்பெறுவதாகக் காட்டினர். கண்டனம் எழுந்தது, ஆயினும் அவ்வெண்ணம் ஒழியவில்லை. இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் வெண்மையாக்கும் களிம்பு, இறுக்கும் ஒளிக்கதிர், இதழைக் குறைக்கும் அறுவை என்று பலவும் விலை கூறி அழைக்கின்றன. அவை யாவை, எத்தகையன என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

வெண்மையாக்கும் களிம்புகளிலே பாதரசமும், அளவறியாது சேர்த்த ஸ்ரீரொயிட்டும் இருக்கக் காணப்பட்டதுண்டு. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும். தோலுக்கான இத்தகைய பாதரசப் பொருள்களை ஒழித்தற்கென, கபோன், ஜமெய்க்கா ஆகிய நாடுகளோடு நம் இலங்கையும் சேர்ந்து 2023இல் ஒரு கூட்டுத்திட்டத்தைத் தொடங்கியது. ஸ்ரீரொயிட் களிம்பும் அத்தகையதே. அக்காவின் நோயை அடக்கிய அதே மருந்து, நோயற்ற தோலில் நெடுநாள் பூசப்படின் தோலை மெலிவித்துப் புண்ணாக்கும். இத்தனை இடருக்கும் பின், ஓமோனால் வந்த கருமை நிலையாக நீங்குவதுமில்லை.

ஒளிக்கதிராலும் வானொலி அலையின் வெப்பத்தாலும் இளமையை மீட்பதாகக் கூறும் கருவிகளைப் பற்றி, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது. அந்நோக்கத்துக்கு அவை பாதுகாப்பானவை, பயனுடையவை என்பது நிறுவப்படவில்லை என்றும், தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி, நீங்காத வலி ஆகியன நேர்ந்துள்ளன என்றும் அது கூறிற்று. போர்டைஸ் புள்ளிகளையும் நுண்முளைகளையும் சுட்டு நீக்கலாம். ஆனால் நோயல்லாத ஒன்றை நீக்கித் தழும்பை ஏற்றுக்கொள்வதிலே பயன் யாது?

உள்ளிதழைக் குறைக்கும் அறுவை இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. குருதி வடிதல், கிருமி தொற்றுதல், தழும்பு, வலி, உணர்ச்சி குன்றுதல் என்பன அதன் இடர்கள். உள்ளிதழ் வெறும் தோல் மடிப்பன்று. நரம்பு செறிந்த உறுப்பு. வெட்டியதை மீள ஒட்டுதல் இயலாது. நோய்க்காரணமின்றி அழகுக்காக மாத்திரம் செய்யும் இவ்வறுவைகளின் பயனும் பாதுகாப்பும் போதிய சான்றால் நிறுவப்படவில்லை என்பதை நாடுவோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2020இல் அறிவுறுத்தியது. வளர்ச்சி முடியாத 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு இதனைச் செய்யலாகாது என்று பிரித்தானிய வைத்தியக் கல்லூரி 2013இலேயே கூறியுள்ளது.

எல்லா அறுவையும் தீது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றிலே கிழிந்து சரிவரப் பொருந்தாததைச் சீர்செய்தலும், நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் இயலாதவாறு உராய்ந்து வருத்துவதைக் குறைத்தலும் நியாயமான சிகிச்சைகளே. வலியைத் தீர்ப்பது வைத்தியம். வெட்கத்துக்கு வைத்தியம் அறிவுதான். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே பெண்கள் சுகாதார அமைப்பொன்று இதனை நன்குணர்ந்தது. பலவகைப் பெண்களின் இயல்பான தோற்றத்தைக் காட்டும் நிழற்படத் தொகுப்பொன்றை 2013இல் அது வெளியிட்டது. திருத்தி அழகுபடுத்திய படங்களையே கண்டு கலங்குவோர், திருத்தாத உண்மையைக் கண்டு தெளியட்டும் என்பதே அதன் நோக்கம்.

செய்யத்தக்கன

நம் வெப்பமும் ஈரமும் மிக்க கரையோரத்திலே பேணுமுறை எளியது. வெறும் நீரால் புறத்தை மாத்திரம் கழுவினாற் போதும். வாசனைச் சவர்க்காரமும் பவுடரும் கிருமிநாசினியும் வேண்டா. வயலிலோ களப்பிலோ நனைந்த உடையை விரைவில் மாற்றுதல் நன்று. தளர்ந்த பருத்தி உடை நன்று. மயிரை நீக்குதல் அவரவர் விருப்பம். சுத்தத்துக்கு அது வேண்டியதில்லை. மழிப்பதனால் மயிர்க்கால் புண்ணாதலும் உண்டு.

நீங்காத அரிப்பு, வெண்படலம், ஆறாத புண், கொப்புளம், வளரும் கட்டி, நிறமும் வடிவும் மாறும் மச்சம், மாதவிடாய் நின்றபின் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். முன்னாளிலே மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் குடாவை லாஞ்சிலே கடந்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி எளிதாயிற்று. அவ்வளவு தூரமும் போகவேண்டியதில்லை. 1996 முதல் சுகாதாரத் திணைக்களத்தார் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகள் நாடெங்கும் உள்ளன. 35 வயதை அடைந்த பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகச் சோதித்தல் அவற்றின் முதன்மையான பணிகளுள் ஒன்று. சோதிக்கச் செல்லும் நாளில் இதனையும் கேட்கலாம். வீடு தேடி வரும் மருத்துவமாதிடமும் கேட்கலாம். கேட்பதற்குச் சொல் வேண்டும், அவ்வளவே.

அச்சொல்லைத் தமிழாற் சொல்ல இயலாது என்பாரும் உளர். அவர் வரலாறு அறியாதவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடலமைப்பு, அறுவை, பிரசவம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். ஓர் அயல்நாட்டார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழர்க்குத் தமிழிலே பிரசவ வைத்தியம் கற்பித்தபோது, பெண்ணுடலின் உறுப்புகளைப் பெயர் சொல்லாது கற்பித்திருத்தல் கூடுமோ?

இவ்விதழை வாசிப்போருட் பலர் ஆசிரியர்; பலர் நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவர். இனப்பெருக்கப் பாடம் வரும் நாளிலே 'இதனை வீட்டிற் போய் வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டிலே அதனை விளக்குவார் இல்லை. வெளியிதழ், உள்ளிதழ், பெண்குறி ஆகியன வசைச்சொற்கள் அல்ல. காது, மூக்கு என்பன போன்ற பெயர்கள். ஒரு முறை, ஒரே குரலில், கரும்பலகையில் எழுதிப் படித்துக் காட்டினால் வகுப்பு சிறிது நகைக்கும், பின் அடங்கும். அவ்வகுப்பிலே இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஐயமொன்று தோன்றும்போது, பாமசிக்கு ஓடாமல் வைத்தியரிடம் சென்று, என்ன என்று வாய் திறந்து கேட்க அது போதுமானது.